டிக்கெட் நம்பர் சொல்லாமல் கரண்ட் இல்லை

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எண்பதுகளில் அரூர்ப் பக்கத்தில் ஒரு சப்ஸ்டேஷனில் ஆபரேட்டராக இருந்தபோது, எனக்குச் சம்பளம் கொடுப்பதே அந்தப் புத்திக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எங்கே இறங்குகிறீர்கள் என்று கேட்டால், இந்த ஆளுக்கு அது எதற்கு என்று வேறு ஊரின் பெயரைச் சொல்வேன். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட, சாமியார் வெளியே சொல்லமாட்டார் என்று தெரிந்தும், ஒன்றிரண்டைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் மீதியைச் சொல்வேன். "பாடையில போறப்பவும் தூக்கறது யாருன்னு எந்திரிச்சுப் பாப்பீங்க" என்பாள் என் மனைவி. பார்ப்பேன்தான், அதில் என்ன தப்பு.

எங்கள் சப்ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் லைன்களில் ஒன்று, மரவள்ளிக் காடுகளையும் ஒரு ஜவ்வரிசி ஆலையையும் தாண்டி, சித்தேரி மலையடிவாரம் வரை போகும். என் வேலை சொல்லப்போனால் சின்ன வேலை. பிரேக்கரைப் போட்டால் லைனில் கரண்ட், எடுத்தால் இல்லை. கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் அதற்கு முன்னால் என்னிடம் 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். வாங்கினால் பிரேக்கரை எடுத்துவிட்டுக் கைப்பிடியில் சிவப்புப் பலகையை மாட்டிவிடுவேன். வேலை முடிந்து, அவனோடு ஏறின எல்லோரும் இறங்கினபிறகு, வாங்கின அதே ஆள் அதைத் திருப்பித் தர வேண்டும். அப்புறம்தான் நான் பிரேக்கரைப் போடலாம். திருப்பித் தருவது பெரும்பாலும் போனில்தான் நடக்கும். பேசுகிறவன் முகம் எனக்குத் தெரியாது, என் கை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

என் தங்கையை ஒரு லைன்மேனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். எங்களைப் போலவே காட்டு வேலையை விட்டுச் சம்பளத்துக்கு வந்த வேதக்காரக் குடும்பம். மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததே நான். கொஞ்சம் வாய் நீளம், ஆனால் நல்ல வேலைக்காரர், குடி கிடையாது. எந்த வில்லங்கமும் இல்லை என்று அவர் ஊரில் பத்துப் பேரை விசாரித்துவிட்டுத்தான் சரி என்று சொன்னேன். அவர் வேலை பார்த்தது இந்த மலையடிவார லைனில். அவர் கம்பத்தில் இருக்கிற நேரமெல்லாம் என் தங்கையின் தாலி என் கைக்கு அடியில் இருந்தது.

போன் என்றால் இப்போதிருக்கிற போன் இல்லை. எங்கள் இலாகாவே கம்பத்தோடு இழுத்துக்கொண்ட ஒற்றைக் கம்பி. சப்ஸ்டேஷன், செக்‌ஷன் ஆபீஸ், மலையடிவாரத்துப் பம்ப் ஹவுஸ், ஜவ்வரிசி ஆலை, எல்லாம் அதே கம்பியில் தொங்கின. ஆலைக்கு எப்படி எங்கள் போன் போனது என்று கேட்டால் அவசரத்துக்கு என்பார்கள். யாருடைய அவசரத்துக்கு என்று கேட்டால் பதில் வராது. கைப்பிடியைச் சுற்றினால் எல்லா இடத்திலும் மணி அடிக்கும். எங்களுக்கு நீளமாக அடிக்க வேண்டும், செக்‌ஷனுக்கு விட்டு விட்டு அடிக்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. ஆனால் யாருக்கு அடித்தாலும் எல்லோரும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் இருமுவார், இன்னொரு பக்கம் டீ உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். அந்தக் கம்பியில் ரகசியம் என்று ஒன்று தங்கினதே இல்லை.

ஆலைக்காரர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. மரவள்ளியை அரைத்துத் தொட்டியில் பால் எடுத்து வைத்திருக்கும்போது கரண்ட் போனால் பால் புளித்துப்போகும். லைன் கிளியர் கொடுத்த அடுத்த நிமிடமே மேனேஜர் போனைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார். என்ன சார், ஆச்சா சார், இன்னும் எவ்வளவு நேரம் சார் என்று தேனாகப் பேசுவார். தேனாகப் பேசுகிறவனை நம்பவே கூடாது.

அந்தத் தடவை லைன் கிளியர் வாங்கினது என் மாப்பிள்ளை. கூட ஏறினவர் பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த மூத்த லைன்மேன். வீட்டில் கன்னடம் பேசுகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கன்னடத்து அண்ணன். பம்ப் ஹவுஸுக்கு எதிரில் இருக்கிற கம்பத்தில் வேலை. மத்தியானம் தாண்டி மணி அடித்தது. எடுத்தேன். மாப்பிள்ளையின் குரல்.

"மச்சான், நாந்தாங்க. வேலை முடிஞ்சுது, சப்ளை குடுத்துருங்க."

குரலில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதற்குப் பின்னால் தடதடவென்று டீசல் இன்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்த லைனில் தண்ணீர் இறைக்க அப்படி ஒரு இன்ஜின் ஆலையில்தான் உண்டு. எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டேன். பம்ப் ஹவுஸில் இருந்துதான் என்று பதில் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. சரி என்று சொல்லி வைத்துவிட்டு, பிரேக்கரைத் தொடாமல், பம்ப் ஹவுஸுக்கு மணி அடித்தேன். அங்கிருந்த வாட்ச்மேன் எடுத்தார். மாப்பிள்ளை அங்கே இல்லை என்றார். கம்பத்தைப் பாருங்கள் என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு வந்து சாவகாசமாகச் சொன்னார்.

"கன்னடத்து அண்ணன் மேலதாங்க இருக்காரு. கம்பியப் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு."

போனை நம்பிக் கையை வைத்திருந்தால் அந்த மனிதர் கரிக்கட்டையாகக் கீழே விழுந்திருப்பார். பழி என் மாப்பிள்ளை தலையில் விழுந்திருக்கும். என் தங்கை வீட்டில் அதோடு அடுப்பு அணைந்திருக்கும்.

சாயங்காலம் ரெண்டு பேரையும் வரச்சொல்லி விசாரித்தேன். மாப்பிள்ளை, தான் போனைத் தொடவே இல்லை என்றார். வயிறு சரியில்லை என்று காட்டுப் பக்கம் ஒதுங்கியிருந்தாராம். காட்டுப் பக்கம் ஒதுங்கினவரிடம் சாட்சி கேட்க முடியுமா. கன்னடத்து அண்ணன் செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார், மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார், நல்லவேளை சார் என்று மட்டும் சொன்னார். எனக்கு விஷயம் பட்டப்பகல் வெளிச்சமாகத் தெரிந்துவிட்டது. ஆலையில் எவனோ என் மாப்பிள்ளை மாதிரியே பேசியிருக்கிறான். கூத்தில் நாலு குரலில் பேசுகிறவன் நம் பக்கத்தில் இல்லையா என்ன. ஒரு தொட்டிப் பாலுக்காக ஒரு உயிரை எடுக்கத் துணிந்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு. சாப்பிடும்போதும் அதே யோசனை, பூசையில் முட்டி போட்டிருக்கும்போதும் அதே யோசனை. முகம் தெரியாத ஒருவன், நாலு பேர் ஒட்டுக்கேட்கிற கம்பியில், நான்தான் நான் என்று எனக்கு எப்படி நிரூபிப்பான்? குரல் இனிமேல் செல்லாது. பெயரும் செல்லாது, அது ஊருக்கே தெரியும்.

முதலில் கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அவனவன் வீட்டு விஷயத்தை அவனவன்தானே அறிவான் என்று கணக்குப் போட்டேன். எங்கள் பக்கத்தைப் பற்றித் தெரிந்தவன் போடுகிற கணக்கா இது. ஒரு லைன்மேன் கூப்பிட்டபோது, காலையில் உன் வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்டேன். அவன் வாயைத் திறப்பதற்குள் செக்‌ஷன் ஆபீஸ் பக்கத்திலிருந்து "களிங்க" என்று ஒரு குரல் வந்தது. பம்ப் ஹவுஸ் குரல், களி இல்லை, நேற்று மீந்த சோறு, அவன் சம்சாரம் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று திருத்தியது. எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். வீட்டு விஷயத்தை வைத்து ஒருவனை அடையாளம் கண்டுபிடிப்பது இங்கே ஆகிற காரியமில்லை.

அடுத்து ஒரு ரகசிய வார்த்தை வைத்தேன். ஒரே ஒரு தடவை போனில் சொன்னதும் அது கம்பி முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பாடம் கிடைத்தது. சொன்னதும் செத்துப்போகிற வார்த்தையாக இருக்க வேண்டும். ஒருவனுக்குக் கொடுத்தது இன்னொருவனுக்குத் தெரியக் கூடாது, இன்றைக்குச் செல்லுபடியானது நாளைக்குச் செல்லக் கூடாது. யோசித்துச் சொல்கிற வார்த்தையாகவும் இருக்கக் கூடாது. லைன்மேனை யோசிக்க விட்டால் சாமி பெயரையோ பெண்டாட்டி பெயரையோதான் சொல்வான்.

பதில் எங்கள் வாசலிலேயே கிடந்தது. மலை பஸ் எங்கள் கேட்டுக்கு எதிரில்தான் நிற்கும். இறங்குகிற ஜனம் டிக்கெட்டைக் கசக்கிக் கீழே போடும். ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு நம்பர் இருக்கும், ஒன்றின் நம்பர் இன்னொன்றுக்கு வராது. நான் பொறுக்க ஆரம்பித்தேன். காலையில் எங்கள் லைனில் ஏறப்போகிறவன் முதலில் சப்ஸ்டேஷனுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அவன் கையில் ஒரு டிக்கெட்டைத் திணிப்பேன். நம்பரை நான் மனசில் வைத்துக்கொள்வேன். எழுதி வைக்கமாட்டேன், எழுதினதை எவனும் பார்ப்பான். திருப்பித் தரும்போது அவன் அந்த நம்பரைச் சொல்ல வேண்டும். சொன்னபிறகு டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

போனில் என்ன பேசுவது, யார் முதலில் பேசுவது என்பதையும் ஒழுங்கு பண்ணினேன். நான் வாயைத் திறந்து நம்பர் சொல்லவேமாட்டேன். அவன் சொல்வான், நான் சரி அல்லது இல்லை என்று மட்டும் சொல்வேன். எந்த எண் தப்பு என்று சொல்லமாட்டேன். சொன்னால் திருடன் அதை மட்டும் மாற்றிச் சொல்லிப் பார்ப்பான். தப்பாகச் சொன்னால் மறுபடி ஒரு வாய்ப்பு உண்டு. அதிலும் தப்பினால் போனை வைத்துவிடுவேன், அவன் சைக்கிள் மிதித்து நேரில் வர வேண்டும். நம்பர் சரியாக இருந்தாலும் அதோடு விடுவதில்லை. எங்கிருந்து பேசுகிறேன் என்று சொன்னானோ அங்கே நான் திருப்பி மணி அடிப்பேன், அவனே எடுக்க வேண்டும். வேறு வெட்டிப் பேச்சு எதுவும் கூடாது.

நம்பரை யார் காவல் காப்பது என்பதில் கொஞ்ச நாள் குழம்பினேன். பிரேக்கரைப் போடுகிறவன் ஒருவன், ஆளைச் சரிபார்க்கிறவன் வேறொருவன் என்று இருந்தால் நல்லது. ஒருவனை மடக்கினாலும் இன்னொருவனை மடக்க முடியாது. செக்‌ஷன் கிளார்க்கிடம் கொடுக்கலாமா என்று பார்த்தேன். அந்த ஆளிடம் ஒன்றைச் சொல்வதும் தேர்த் திருவிழா மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். அதனால் நானே வைத்துக்கொண்டேன். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த ஆபரேட்டர் காதில் குனிந்து சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

எங்கள் ஜூனியர் இன்ஜினியர், ஜே.இ. என்போம், கடலூர்ப் பக்கத்து இளவயசுக்காரர். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, ஏம்ப்பா இவ்வளவு தூரம் என்றார். அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். எல்லோரையும் கூப்பிட்டு, இவர் சொல்வதுதான் இனிமேல் முறை என்று சொல்லிவிட்டார்.

லைன்மேன்கள் என்னை வறுத்தெடுத்தார்கள். காலையில் கேட்டைத் தாண்டும்போதே, "கண்டக்டரே, மலைக்கு ஒண்ணு குடுங்க" என்பார்கள். ஒருவன் உள்ளே வந்து விசில் ஊதினான். எனக்குக் கோபம் வராமல் இல்லை. உயிரோடு இருந்து கிண்டல் பண்ணுங்கடா என்று விட்டுவிட்டேன். எல்லோரையும்விட ஒழுங்காக நடந்துகொண்டவர் என் மாப்பிள்ளைதான். டிக்கெட்டைச் சட்டைப்பையில் மடித்து வைப்பார், போனில் நம்பரைக் கணீரென்று படிப்பார். பார்த்தாயா, பட்டவனுக்குத்தான் அருமை தெரியும் என்று தங்கையிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் இப்போதெல்லாம் உன்னைக் கண்டால் அதிகம் பேசுவதில்லையே அண்ணா என்றாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலை மேனேஜர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி, நீங்கள் செய்தது ரொம்ப நல்ல ஏற்பாடு என்று என்னைப் பாராட்டினார். நெஞ்சழுத்தக்காரன் என்று மனசுக்குள் திட்டினேன். யாராவது பொய் நம்பரோடு மாட்டுவான் என்று காத்துக்கொண்டே இருந்தேன். ஒருவனும் மாட்டவில்லை. பயந்துவிட்டான்கள் என்று எனக்குத் தெம்பு கூடியது.

சித்திரை மாதக் காற்றில் ஒரு நாள் மலையடிவார லைன் தாறுமாறாகப் போனது. மாமரக் கிளைகள் கம்பியில் விழுந்து கிடந்தன. அன்றைக்கு லைன் கிளியர் வாங்கினது கன்னடத்து அண்ணன். காலையில் வந்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார். மாப்பிள்ளையும் வந்தார், ஆனால் டிக்கெட் வேண்டாம் என்றார். அன்றைக்குத் தனக்கு மீட்டர் வேலைதான், கம்பத்துப் பக்கமே போகப்போவதில்லை என்றார். எனக்கு மனசு லேசானது.

மத்தியானம் பம்ப் ஹவுஸிலிருந்து மணி அடித்தது. கன்னடத்து அண்ணன் குரல். நம்பரைச் சொன்னார், சரியாக இருந்தது. போனை வைத்துவிட்டுத் திருப்பி மணி அடித்தேன், அவரே எடுத்தார். பின்னால் இன்ஜின் சத்தம் இல்லை, பம்ப் ஹவுஸ் வாசலில் கோழி கத்துவது கேட்டது. என் ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இல்லை. சிவப்புப் பலகையைக் கழற்றிவிட்டுப் பிரேக்கரைப் போட்டேன்.

போட்ட வேகத்தில் அது தடாலென்று தானாகவே விழுந்தது.

பிரேக்கர் விழுந்தால் லைனில் ஏதோ பட்டிருக்கிறது என்று அர்த்தம். காற்று நாளில் அது வழக்கம்தான். எங்காவது கிளை ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை போட்டால் கிளை எரிந்து விழுந்துவிடும், லைன் நிற்கும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நானும் பல தடவை செய்திருக்கிறேன். செக்‌ஷனிலிருந்து ஜே.இ. கூப்பிட்டு, கிளையாகத்தான் இருக்கும், இன்னொரு தடவை போடு என்றார். ஆலை மேனேஜரும் அதே கம்பியில் வந்து, போடுங்கள் சார், பால் போகுது சார் என்றார்.

அவர் வந்து சொன்னதுதான் என் கையைப் பிடித்து நிறுத்தியது. மாப்பிள்ளை நினைவு எனக்குத் துளிகூட இல்லை. இவன் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறான், இதில் ஏதோ இருக்கிறது என்று மட்டும்தான் தோன்றியது. முடியாது என்றேன். லைனை நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அதுவரை தொடமாட்டேன் என்றேன். ஜே.இ. சத்தம் போட்டார். பழி என்மேல் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அப்போது கம்பியில் கன்னடத்து அண்ணனின் மூச்சு கேட்டது. போனை வைக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சார் என்றார். என்ன என்றேன்.

"சார், போட்டுறாதீங்க. மாப்ள மேல இருந்தாரு. நான் போன்கிட்ட வர்றதுக்குள்ள எறங்கிடறேன்னாரு."

அதற்கப்புறம் யார் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. ஓட வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் நான் போகவில்லை. போனால் அந்த இடைவெளியில் யாராவது பிரேக்கரில் கையை வைத்துவிடுவார்கள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் கேட் வாட்ச்மேன் தண்ணீர் கொண்டுவந்தார், அவரைக்கூடக் கிட்டே விடவில்லை. கடைசியில் ஜீப் சப்ஸ்டேஷன் முன்னால் ஆரனை அழுத்திக்கொண்டே போனது. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று கேட்டில் நின்றவர்கள் கத்தினார்கள்.

இடுப்பு பெல்ட்தான் அவரைக் கீழே விழாமல் பிடித்து வைத்திருந்தது. அடித்த வேகத்தில் மயங்கிக் கம்பத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தாராம். இரண்டாவது தடவை போட்டிருந்தால் பொட்டலமாகத்தான் கொண்டுவந்திருப்பார்கள். தர்மபுரியில் முதல் கட்டு கட்டி, சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் அவரைப் பார்த்தது அவர் பேச ஆரம்பித்த பிறகுதான். தங்கை கட்டிலோரம் உட்கார்ந்து ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கன்னடத்து அண்ணனும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. நான்தான் உன்னைக் கொன்றிருப்பேன், நீ இறங்கினதைப் பார்க்காமல் நம்பரைச் சொன்னேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். மீட்டர் வேலைக்குப் போகிறவர் ஏன் ஏறினார் என்று கேட்டேன். போகிற வழியில் ஒரு கம்பி தொய்ந்திருந்ததாம், அண்ணன் லைன் கிளியர் வாங்கியிருக்கிறாரே, அதிலேயே முடித்துவிடலாம் என்று ஏறினாராம். தனக்கென்று டிக்கெட் வாங்க மறுபடி சப்ஸ்டேஷன் வரை யார் மிதிப்பது.

மாப்பிள்ளை அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், அன்னிக்கு ஆலையில இருந்து பேசினது நாந்தாங்க. வேற யாரும் இல்ல."

ஆலையில் டீ கொடுத்தார்களாம். அங்கேயே போன் இருந்ததாம். பம்ப் ஹவுஸ் வரை திரும்பி வருவதற்குச் சோம்பல். மேலே இருந்த அண்ணன் அந்நேரத்துக்கு இறங்கியிருப்பார் என்று நினைத்துவிட்டாராம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம், போனுக்குப் போகிறவன் போய்க்கொண்டிருக்கும்போதே மேலே இருப்பவன் வேலையை முடித்துக்கொண்டு இறங்குவானாம். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும், தங்கை முகத்தில் எப்படி முழிப்பது என்று மறைத்துவிட்டாராம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கட்டுப் போட்டிருக்கிற ஆளை எங்கே அடிப்பது. கன்னடத்து அண்ணனிடம் திரும்பி, கேட்டீர்களா என்றேன். அவர் ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் சார். கம்பத்து மேல இருந்தா ஆலை தெரியாதா. சைக்கிள்ல போறதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சின்ன வயசு, பெண்டாட்டி பிள்ளைக்காரன், வேலையைக் கெடுத்து என்ன ஆகப்போகிறது என்றார். தானும் எத்தனையோ தடவை அப்படிச் செய்தவன்தான் என்றார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்.

"நீங்களும் பேசறது யாருன்னுதான் சார் கேட்டுக்கிட்டே இருந்தீங்க. கூட யாரு, மேல யாருன்னு ஒரு நாளும் கேக்கலையே."

ஊரில் ஒருவனையும் விடாமல் சந்தேகப்பட்டேன். ஆலைக்காரனை, கிளார்க்கை, பால்காரனை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனை எல்லாம் சந்தேகப்பட்டேன். என் எதிரில் நின்று செம்புத் தண்ணீர் குடித்த ரெண்டு பேரைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. இல்லாத ஒரு திருடனுக்காக இத்தனை பூட்டுச் செய்து வைத்திருக்கிறேன். இவர்கள் தினமும் காலையில் வந்து அந்தப் பூட்டுக்குச் சாவி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தங்கை கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "அன்னிக்கே சொல்லியிருந்தா உனக்கு இந்தக் கை இருந்திருக்கும்யா" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். வழக்கமாக நீங்க என்றுதான் அவரைச் சொல்வாள். பிறகு மறுபடி ஸ்பூனை எடுத்து, வாயைத் திறங்க என்றாள்.

டூட்டிக்குத் திரும்பின அன்றைக்கே வேறொரு லைனிலிருந்து மணி அடித்தது. ஒரு லைன்மேன் வேலை முடிந்தது என்றான். நல்ல பையன், பொய் பேசத் தெரியாதவன். நம்பரைச் சொன்னான், சரியாக இருந்தது. திருப்பி மணி அடித்தேன், அவனே எடுத்தான். மறுபடியும் நம்பரைச் சொல்லத் தொடங்கினான். போதும் என்று நிறுத்திவிட்டு, உன் லைனில் இன்னும் யார் யார் மேலே இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

வழக்கமாக இருமுகிறவர்கள்கூட இருமவில்லை. கம்பி முழுக்க எல்லோரும் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"கொஞ்சம் இருங்க சார். ரெண்டு பேரு இன்னும் எறங்கல."